ஜோன்ஸ்டவுன் குழந்தைகளும் ஒரு சட்டமும்

ஐக்கிய அமெரிக்காவில் ஒரு வயது நிறையுமுன் எத்தனை குழந்தைகள் இறக்கின்றன என்பது 1912இல் அந்நாட்டு அரசுக்கே சரியாகத் தெரியாது. பல மாநிலங்களில் பிறப்புப் பதிவே ஒழுங்கில்லை. அந்த ஆண்டில்தான் மத்திய அரசு சிறுவர் பணியகத்தை நிறுவி, ஜூலியா லத்ரொப் என்ற பெண்மணியைத் தலைவராக்கியது.

பணியகம் முதலில் கையிலெடுத்தது பென்சில்வேனியாவின் உருக்குத் தொழில் நகரமான ஜோன்ஸ்டவுனை. 1911இல் பிறந்த குழந்தைகளின் வீடுகளைத் தேடி 1913இல் பெண் உத்தியோகத்தர்கள் படியேறினார்கள். தாய்ப்பாலா புட்டிப்பாலா, தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளா வெளியிலா, தகப்பனின் உழைப்பு எவ்வளவு என்றெல்லாம் விசாரித்தார்கள். ஆயிரத்துக்கு 134 குழந்தைகள் இறந்திருந்தன. ஆண்டுக்கு 521 டொலருக்கும் குறைவாக உழைத்தவர்களின் பிள்ளைகளிடையே அது ஏறக்குறைய 256. 1,200 டொலரும் அதற்கு மேலும் உழைத்தவர்களிடையே 84. தாய்க்கு விபரம் போதாமல்தான் பிள்ளை சாகிறது என்று சும்மா சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்?

ஆனால் சட்டம் வந்தபோது நடந்தது வேறு. 1921இல் ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் நிறைவேறியது. முந்திய ஆண்டுதான் பெண்களுக்கு நாடெங்கும் வாக்குரிமை கிடைத்திருந்தது. அந்த வாக்குகளுக்குப் பயந்து கையுயர்த்திய அரசியல்வாதிகளும் உண்டு. தாதிமார் வீடு வீடாகப் போனார்கள், கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை நிலையங்கள் திறக்கப்பட்டன. நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. எனினும் அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது: இந்தப் பணத்திலிருந்து மகப்பேற்றுக்கோ குழந்தைக்கோ எந்தக் கொடுப்பனவும் வழங்கக் கூடாது. 521 டொலர் வீட்டுக்குத் தாதி வரலாம், பாடம் சொல்லலாம். காசு மட்டும் வராது. ஆய்வைப் படிக்காமலா இப்படி எழுதினார்கள்? படித்திருப்பார்கள். சம்பளத்தில் கைவைப்பதைவிடத் தாய்க்குப் புத்தி சொல்வது மலிவு.

இந்த அளவுக்குக்கூட மசசூசெட்ஸ், கனெக்டிகட், இலினோய் மாநிலங்கள் உடன்படவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கமும் விடாமல் எதிர்த்தது. 1929இல் சட்டம் காலாவதியானது.

மத்திய அரசு காசு கொடுக்கும் ஏற்பாடு 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தோடுதான் வந்தது. அதுவும் தகப்பனின் ஆதரவை இழந்த பிள்ளைகளுக்கு. மாதமொன்றுக்கு முதற்பிள்ளைக்கு 18 டொலர், அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 12 டொலர் என்ற எல்லை வரைதான் மத்திய அரசு பங்கு தந்தது. அந்தப் பிள்ளைகளை வளர்க்கும் தாயின் செலவு 1950 வரை அந்தக் கணக்கில் சேரவேயில்லை.