ஒரே கணினியில் இரண்டு ஆட்சிகள்

வீட்டுக் கணினி ஒன்றில் விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டு இயங்குதளங்களையும் வைத்துக்கொள்ள விரும்புவோர் உங்களுள் பலர் இருக்கக்கூடும். அதற்குரிய வழிகள் தோன்றிய வரலாற்றையே இன்று கூற முற்படுகிறேன்.

இயங்குதளம் என்பது கணினியின் நினைவகம், வட்டு, திரை யாவற்றையும் தன் ஆணைக்குள் வைத்திருக்கும் நிரல். பொறி முழுவதும் தனக்கே உரியது என்று எண்ணுவது அதன் இயல்பு. ஓர் உறையில் இரு வாள் இருப்பது எங்ஙனம் என்பதே நம்முன் உள்ள வினா.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பி.சி. வெளிவந்தபோது இவ்வினா எழவில்லை. அதில் நிலைவட்டே கிடையாது. டாஸ் ஒரு நெகிழ்வட்டில் இருந்தது. பிற இயங்குதளங்கள் வேறு நெகிழ்வட்டுகளில் இருந்தன. எதைச் செருகினோமோ, அதுவே ஆண்டது.

1983 மார்ச்சில் 10 மெகாபைட் நிலைவட்டுடன் பி.சி. எக்ஸ்.டி. வந்தது. அதனுடன் வந்த டாஸ் 2.0, வட்டின் முதல் 512 பைட்டுகளில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தையே எழுதிவைத்தது எனலாம். 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கு. 64 பைட்டுகள் நான்கு பாகங்களின் எல்லைக் கணக்கிற்கு. எஞ்சிய 2 பைட்டுகள் முத்திரை. நான்கனுள் ஒன்றன்மீது மட்டும் 'இது இயங்குக' என்னும் குறி இருக்கும். டாஸ் தனக்கென ஒரு பாகத்தையே எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் பிற இயங்குதளங்களுக்கு விட்டது. இப்பெருந்தன்மை இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது.

அதன் பயன் 1991இல் புலனாயிற்று. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் இருந்த தம் 386 கணினியிலேயே லினக்ஸை உருவாக்கினார். ஒருநாள் மோடத்திற்குச் செல்லவேண்டிய ஆணையை அவர் தவறுதலாக மினிக்ஸ் இருந்த பாகத்திற்கே அனுப்ப, மினிக்ஸ் பாழாயிற்று. அதனை மீண்டும் நிறுவாமல் லினக்ஸிலேயே நிலைத்துவிட்டார்! ஏனையோர் அத்துணைத் துணிய வேண்டியதில்லை. டாஸைத் துறவாமலே லினக்ஸைப் பழகிப் பார்க்க முடிந்தது. வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ என்னும் நிரல் வாயிற்காவலனாக நின்று, எதனை எழுப்புவது என்று கேட்டது. அந்த நான்கு பாகங்கள் இல்லாதிருந்தால், லினக்ஸ் இத்தனை மாணவர் இல்லங்களில் நுழைந்திராது என்பது என் கருத்து.

ஆனால் வாயிலோ ஒன்றே. பின்னர் விண்டோஸ் 95ஐ நிறுவியவர்களின் வட்டுகளில் அது, கேளாமலே முதற்பகுதியில் தன் நிரலை எழுதியது. லினக்ஸ் காணாமற்போயிற்று என்று பலர் கலங்கினர். உண்மையில் கதவுதான் அடைபட்டது. உள்ளே கோப்புகள் பத்திரமாகவே இருந்தன. லினக்ஸ் நெகிழ்வட்டு ஒன்றால் கணினியைத் தொடங்கி லிலோவை மீண்டும் எழுதினால் போதும். பிற்காலத்து யு.இ.எஃப்.ஐ. முறையில் ஒவ்வோர் இயங்குதளத்தின் தொடக்க நிரலும் தனித்தனிக் கோப்பாக இருப்பதால், இப்பூசல் பெரிதும் தணிந்தது.

இதுகாறும் கூறியது முறைவைத்து ஆளும் வழி. இரண்டும் ஒருங்கே ஆளும் வழி இதனினும் பழமையானது. 1967 அளவிலேயே ஐ.பி.எம்.மின் சி.பி.-67, ஒரு பெருங்கணினியைப் பயனர் ஒவ்வொருவருக்கும் தனிக்கணினியாகத் தோன்றச் செய்தது. அவ்வித்தை வீட்டுக் கணினிக்கு வர முப்பதாண்டுகள் ஏன் ஆயின? அடங்கியிருக்கவேண்டிய விருந்தாளி இயங்குதளம் வரம்பு மீறினால், செயலி உடனே மேற்பார்வை நிரலிடம் முறையிட வேண்டும். இன்டெல் செயலியின் சில கட்டளைகளோ முறையிடாமல் வாளா இருந்துவிட்டன. 1999இல் வி.எம்.வேர் நிறுவனத்தார், அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி இத்தடையைக் கடந்தனர். 2005இல் இன்டெலும் 2006இல் ஏ.எம்.டி.யும் செயலியிலேயே அதற்கு வழிசெய்தன. இவ்வழியில் நினைவகத்தை இரண்டும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முன்னைய வழியில் ஆளுவதற்கே அனைத்தும் உரியது.

ஆப்பிள் நிறுவனம் 2006இல் பூட் கேம்ப் வாயிலாக, இன்டெல் செயலி கொண்ட மேக் கணினிகளில் முதல் வழியைத் திறந்தது. 2020 முதல் வந்த, அதன் சொந்தச் செயலி கொண்ட மேக் கணினிகளில் பூட் கேம்ப் இல்லை. அவற்றில் விண்டோஸை வேண்டுவோர் இரண்டாம் வழியையே நாடுகின்றனர்.