ஐந்து டொலர் பொதி: சின்ன விளையாட்டுகள் ஆளைத் தேடிப் போன கதை

கணினி விளையாட்டு எண்டால் எங்களில் பலருக்கு உடனே ஞாபகம் வருவது ஐந்தாறு பெரிய பெயர்கள்தான். கார் ஓட்டுறது, துவக்கால சுடுறது, பந்தடிக்கிறது. ஆனால் தனி ஆளாகவோ, மூன்று நாலு நண்பர்களாகவோ சேர்ந்து செய்த விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கு. இவற்றைத்தான் 'இண்டி' அல்லது சுயாதீன விளையாட்டுகள் என்கிறோம். விளம்பரத்துக்குக் காசில்லாததால் அவை வெளிவந்ததே பலருக்குத் தெரியாமல் போய்விடும். இந்த நிலையைக் கொஞ்சமாவது மாற்றியதில் நன்கொடைக்காக விற்கப்பட்ட பொதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

கதை 2010 மே மாதம் தொடங்குகிறது. அமெரிக்காவின் வொல்ஃபயர் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்று ஒரு பொதியை வெளியிட்டது. வேர்ள்ட் ஒஃப் கூ, அக்வேரியா, கிஷ் எனச் சில விளையாட்டுகள். விலை? நீங்கள் விரும்பியது. ஒரு சதம் குடுத்தாலும் சரி. குடுக்கிற காசில் விளையாட்டைச் செய்தவர்களுக்கு எவ்வளவு, தொண்டு அமைப்புகளுக்கு எவ்வளவு என்பதையும் வாங்குபவரே பிரிக்கலாம். எந்தப் பூட்டும் இல்லாத கோப்புகள், லினக்ஸிலும் ஓடும். கிட்டத்தட்ட 1 இலட்சத்து 38 ஆயிரம் பேர் வாங்கினார்கள். 12 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. ஒரு சதத்துக்குக் கிடைக்கிற பொருளையும் கால்வாசிப் பேர் காசு கட்டாமலே இறக்கினார்கள் என்று வொல்ஃபயரே ஒரு கணிப்புச் சொன்னது. அதுவும் மனிச குணம்தான்! இருந்தாலும் கேட்காமலே கூடக் குடுத்தவர்களால் அந்த முயற்சி வென்றது.

பத்து வருடம் கழித்து வந்தது இன்னொரு பொதி. 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் என்ற கறுப்பினத்தவரைப் பொலிஸ்காரர் ஒருவர் கழுத்தில் முழங்காலை அழுத்திக் கொன்றார். அமெரிக்கா முழுக்கச் சனம் வீதிக்கு வந்தது. சுயாதீன விளையாட்டுகளை விற்கும் இட்ச்.ஐஓ தளம், இனநீதிக்கும் சமத்துவத்துக்குமான பொதி ஒன்றை யூன் மாதம் அறிவித்தது. ஆகக் குறைந்த விலை ஐந்து டொலர். அன்றைய மதிப்பில் எங்கட ஆயிரம் ரூபாய்க்குள்தான். தொடங்கும்போது 700க்கு மேற்பட்ட படைப்புகள் இருந்தன. "என்னுடையதையும் சேருங்கள்" என்று ஆட்கள் வரவர, முடியும்போது 1,700ஐத் தாண்டிவிட்டது. 8 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாங்க, 81 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. அதாவது சராசரியாக ஆளுக்குப் பத்து டொலர், கேட்டதைவிட இரண்டு மடங்கு.

காசில் பாதி என்.ஏ.ஏ.சி.பி சட்டப் பாதுகாப்பு நிதியத்துக்குப் போனது. மற்றப் பாதி பல ஊர்களின் பிணை நிதிகளுக்கு. அங்கே கைதாகிறவர் வழக்கு முடியும்வரை வெளியில் இருக்க, பல இடங்களில் காசு கட்டவேணும். இல்லாதவர் உள்ளேயே கிடப்பார். அந்தக் காசைக் கட்டத்தான் இந்த நிதிகள். தளமோ விளையாட்டைச் செய்தவர்களோ ஒரு சதமும் எடுக்கவில்லை.

2010இல் சில விளையாட்டுகளை யாரோ தெரிவுசெய்து தந்தார்கள். 2020இல் தெரிவே இல்லை, குவியல்தான். வாங்கியதும் எல்லாம் உங்கள் கணக்கில் வந்து சேராது. ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினால்தான் அது உங்கள் நூலகத்துக்குள் வரும். பக்கம் பக்கமாகப் பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். எதைத் திறக்கிறது? அப்போதுதான் ஆட்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லத் தொடங்கினார்கள். "இதை விளையாடிப் பார், இரண்டு மணித்தியாலம்தான்."

அப்படிச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று எ ஷோர்ட் ஹைக். தொலைபேசி சிக்னல் கிடைக்க வேண்டுமென்று மலையுச்சிக்கு ஏறும் ஒரு சின்னப் பறவையின் கதை. பெரும்பாலும் ஒரே ஆள் செய்தது. இன்னொன்று நைட் இன் த வூட்ஸ். படிப்பை இடையில் விட்டுவிட்டு, சுரங்கம் மூடிப்போன தன் ஊருக்குத் திரும்பிவரும் மே என்ற பூனைப் பெண்ணைப் பற்றியது. செலெஸ்ட், நான்கு நாளில் செய்த ஒரு சின்ன மாதிரியிலிருந்து வளர்ந்தது. பதற்றத்தோடு வாழ்வதைப் பற்றி அது பேசுகிறது. இவற்றை ஓட்ட விலை கூடிய கணினி தேவையில்லை. சாதாரண லப்டொப் போதும்.

பிறகு 2021இல் பலஸ்தீன மக்களுக்காகவும், 2022இல் உக்ரேனுக்காகவும் இதே தளத்தில் பொதிகள் வந்தன.

ஒரு கேள்வியும் கூடவே வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகளை ஐந்து டொலருக்குக் குடுத்தால், சின்ன விளையாட்டுக்கு மதிப்பே இல்லை எண்டு சனம் நினைக்காதா? நியாயமான பயம்தான். வீட்டு வாடகைக்காகத் தன் விளையாட்டை விற்றுக்கொண்டிருந்தவர்களும் அதைச் சும்மா குடுத்தவர்களுக்குள் இருந்திருப்பார்கள். வாங்கிய பலர் பட்டியலில் பாதியைக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். திறக்காத விளையாட்டு ஒருவரையும் சென்று சேர்வதில்லை.

ஆகவே பொதி பாதி வேலையைத்தான் செய்தது. மிச்சப் பாதி விளையாடுகிறவரின் கையில் இருக்கு. பெயர் தெரியாத ஒன்றைத் திறந்து பாருங்கள். பிடித்தால் இன்னொருத்தருக்குச் சொல்லுங்கள். அதைச் செய்தவரின் அடுத்த விளையாட்டை, முடிந்தால், முழு விலை குடுத்தே வாங்குங்கள்.