கால்நடைகளுக்குக் கண் நோய்: சொட்டு மருந்துக்கு முன் மாதிரி எடுங்கள்

பட்டியில் ஓர் ஆட்டுக்குக் கண்ணில் நீர் வடியத் தொடங்கினால், சில நாட்களில் மற்ற ஆடுகளுக்கும் பரவிவிடும். கவனிக்காமல் விட்டால் கருவிழியில் புண்ணாகிப் பூ விழுந்து, பார்வையே போகலாம். மாடுகளில் மொராக்செல்லா என்ற பாக்டீரியாவும், ஆடுகளில் மைக்கோபிளாஸ்மா, கிளமிடியா கிருமிகளும் இந்நோய்க்கு முக்கியக் காரணங்கள். ஈக்கள் இதை எளிதில் பரப்பும்.

ஏன் பரிசோதனை?

எல்லாக் கிருமிக்கும் ஒரே மருந்து கேட்காது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைக் கருவிழியில் புண் உள்ள கண்ணில் விட்டால் புண் ஆழமாகிவிடும். எனவே, வீட்டில் மீதமிருக்கும் மருந்தை ஊற்ற வேண்டாம். பல கால்நடைகளுக்குப் பரவினாலோ, சிகிச்சை அளித்தும் குணமாகாவிட்டாலோ மாதிரி எடுக்கச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

மாதிரி எடுக்கும் முறை

* ஆன்டிபயாடிக் மருந்து போடும் முன்பே எடுக்க வேண்டும். போட்டிருந்தால் மருந்தின் பெயரையும் நாளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
* பழைய நோயுள்ளதை விட, புதிதாக நீர் வடியும் இரண்டு மூன்று கால்நடைகளில் எடுப்பது நல்லது.
* தலை அசையாமல் பிடித்துக்கொள்வது உங்கள் வேலை. மாதிரி எடுப்பது மருத்துவரின் வேலை.
* வெளியே காய்ந்திருக்கும் பூளையைத் துடைத்துவிட்டு, கீழ் இமையை இழுத்து, அதன் உட்புறத்தில் கிருமி நீக்கிய பஞ்சுக்குச்சியை மெதுவாகச் சுழற்றி எடுப்பார். குச்சி இமைமுடியிலும் தோலிலும் படக்கூடாது.
* ஒவ்வொரு கண்ணுக்கும் தனிக் குச்சி. காது வில்லை எண், எந்தக் கண், தேதி ஆகியவற்றைக் குழாயின் மேல் எழுத வேண்டும்.

ஆய்வகத்துக்கு அனுப்புதல்

பாக்டீரியா வளர்ப்புச் சோதனைக்கான குச்சி காய்ந்துவிட்டால் பலனில்லை. அதற்குரிய ஊடகக் குழாயில் வைத்து, ஐஸ் பெட்டியில் அன்றே அனுப்புங்கள், உறைய விடக்கூடாது. மைக்கோபிளாஸ்மா, கிளமிடியா இரண்டும் சாதாரண வளர்ப்புச் சோதனையில் தெரியாது. அதற்குப் பிசிஆர் சோதனை தேவை என்பதால், ஆய்வகம் சொல்லும் வகையில் தனிக் குச்சி எடுக்க வேண்டும். எனவே, 'கிருமி இல்லை' என்று முடிவு வந்தால் எந்தச் சோதனை செய்தார்கள் என்று கேளுங்கள்.

வளர்ப்புச் சோதனையில் கிருமி வளர ஓரிரு நாட்களும், எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க மேலும் ஒரு நாளும் ஆகும். மாதிரி எடுத்தவுடன் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். முடிவு வந்தபின் தேவையானால் மருந்தை மாற்றுவார்.

முடிவு வரும்வரை

நோயுற்றதைப் பிரித்து நிழலில் கட்டுங்கள். சாணத்தை அன்றாடம் அகற்றி ஈக்களைக் குறையுங்கள். ஒன்றைத் தொட்ட துணியால் மற்றொன்றைத் துடைக்காதீர்கள். சில கிருமிகள் மனிதருக்கும் தொற்றக்கூடும் என்பதால் கையுறை அணிந்து, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். உப்பை மென்று துப்புவது, புகையிலைச் சாறு விடுவது போன்றவை புண்ணை அதிகமாக்கும், அறவே கூடாது.