வீதி அஞ்சல்தலைகள், புதுக்கோட்டை

பழைய வீதிகளைக் காட்டும் அஞ்சல்தலைகளைத் தேடிச் சேர்ப்பது, பொருள்வாரி அஞ்சல்தலை சேகரிப்பின் ஒரு பிரிவு. இந்தியத் தலைகளில் கோட்டையும் கோபுரமும் மிகுதி. வீதி பெரும்பாலும் அவற்றின் ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும். 1931இல் ஹைதராபாத் சமஸ்தானம் வெளியிட்ட சார்மினார் தலை, நாற்சந்தி நினைவுச்சின்னம் என்பதால் இத்தொகுப்பில் சேரும்.

புதுக்கோட்டை நகரம் இதற்கு நல்ல பொருள். 1878 முதல் 1894 வரை சமஸ்தானத்தை நிர்வகித்த சேஷையா சாஸ்திரி நகரைச் சீரமைத்தார். நான்கு ராஜ வீதிகளும், அவற்றை ஒட்டி எண்ணிட்ட நேர்வீதிகளும் இன்றும் கட்டமாக அமைந்துள்ளன. மாவட்டத்தை நினைவூட்டும் தலைகளில் 1987இல் வெளியான, திருமயத்தில் பிறந்த விடுதலைப் போராட்டத் தலைவர் எஸ். சத்தியமூர்த்தியின் தலை உண்டு. ஆனால் அது மனிதரின் முகம், வீதியன்று.

இக்குறையைச் சேகரிப்பாளர் வேறு வழிகளில் நிரப்பலாம். 2011இல் அறிமுகமான 'மை ஸ்டாம்ப்' திட்டத்தில், அஞ்சல் துறையின் தலையோடு தாம் தரும் படத்தையும் இணைத்து அச்சிட்டுப் பெறலாம். வீதியின் முகவரியும் ஊர் முத்திரையும் தெளிவாக உள்ள பழைய உறைகளும் மதிப்புடையவை. தலையை மட்டும் கத்தரித்தெடுத்தால் அந்தச் சான்று போய்விடும். அஞ்சல்தலை சேகரிப்பில் ஈடுபடும் 6 முதல் 9ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களில் தேர்வு பெறுவோருக்கு, அஞ்சல் துறை 2017இல் தொடங்கிய தீன் தயாள் ஸ்பர்ஷ் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது.