பரிசு வாங்காத பிசினஸ் பிளான்

கல்லூரியில் பிசினஸ் பிளான் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டியதும் முதலில் நடப்பது என்ன? நாலு பேர் சேர்ந்து ஒரு பவர்பாயிண்ட் ஃபைலைத் திறந்து, எந்தக் கலர் பின்னணி வைக்கலாம் என்று சண்டை போடுவதுதான்! எப்படிப் பேசினால் நடுவர்கள் கவிழ்வார்கள் என்பது அடுத்த கவலை. ஆனால் இந்த வகைப் போட்டிகளிலேயே பெரும் பெயர் வாங்கிய ஒன்றில், 1998-ம் ஆண்டு யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்று பார்த்தால் அந்தக் கவலை கொஞ்சம் ஆட்டம் காணும்.

போட்டி நடந்த இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி, அதாவது எம்.ஐ.டி. (குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல!). இதற்கு முன்னோடி, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1984-ல் தொடங்கிய 'மூட் கார்ப்'. சட்டக் கல்லூரி மாணவர்கள் மாதிரி நீதிமன்றம் வைத்து வாதாடிப் பழகுவது போல, எம்.பி.ஏ. மாணவர்கள் மாதிரிக் கம்பெனி வைத்துப் பழகட்டும் என்பது யோசனை. எம்.ஐ.டி.யில் 1990-ல் 10,000 டாலர் பரிசோடு ஆரம்பித்தார்கள். 1996-ல் அது 50,000 ஆனது, 2006-ல் 1 லட்சம் ஆனது. போட்டியின் பெயரே பரிசுத் தொகைதான் என்பதால் ஒவ்வொரு முறையும் பெயரையும் மாற்ற வேண்டியதாயிற்று! இன்ஜினியரிங் மாணவர்களையும் ஸ்லோன் மேனேஜ்மென்ட் பள்ளி மாணவர்களையும் ஒரே அணியில் உட்கார வைத்ததுதான் இந்தப் போட்டியின் சூட்சுமம்.

இனி கதை. 1995-ல், வேர்ல்ட் வைட் வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, எம்.ஐ.டி.யின் கம்ப்யூட்டர் சயன்ஸ் ஆய்வகத்தில் ஒரு பிரச்சினையை முன்வைத்தார். ஒரு தளத்துக்குத் திடீரென்று கூட்டம் வந்தால் அந்தத் தளம் படுத்துவிடுகிறது. இதற்கு என்ன வழி? பக்கத்து அறைகளில் ஒன்றில் இருந்தவர் டாம் லெய்டன் என்ற கணிதப் பேராசிரியர். அவருக்கு இது சர்வர் வாங்கும் பிரச்சினையாகத் தெரியவில்லை, கணக்காகத் தெரிந்தது.

1996-ல் அவரிடம் டேனி லூவின் என்ற மாணவர் வந்து சேர்ந்தார். டென்வரில் பிறந்து, 14 வயதில் பெற்றோருடன் ஜெருசலேம் போய், இஸ்ரேல் ராணுவத்தின் சிறப்புப் படை ஒன்றில் அதிகாரியாக இருந்து, பிறகு டெக்னியானில் படித்துவிட்டு வந்தவர். 1997-ல் லெய்டன், லூவின் உட்பட 6 பேர் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதில் சொல்லப்பட்ட உத்திக்குப் பெயர் 'கன்சிஸ்டன்ட் ஹாஷிங்'. பயப்பட வேண்டாம், விஷயம் இவ்வளவுதான்: ஊரில் 10 ரேஷன் கடைகள் இருக்கின்றன, ஒன்றை மூடிவிட்டார்கள். ஊரில் உள்ள எல்லா அட்டைகளையும் முதலிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு யாருக்கும் அரிசி கிடைக்காது. மூடிய கடையின் அட்டைகளை மட்டும் மற்ற கடைகளுக்கு மாற்றிவிட்டு, மீதியைத் தொடாமல் விட வேண்டும். சர்வர்கள் கூடினாலும் குறைந்தாலும் இணையப் பக்கங்களை இப்படிப் பங்கிட ஒரு கணித வழியை அவர்கள் கண்டுபிடித்தார்கள்.

சரி, கட்டுரை வந்துவிட்டது. பேராசிரியருக்கு அதோடு வேலை முடிந்தது. மாணவருக்கு முடியவில்லை. லூவினுக்குக் குடும்பம் இருந்தது, கடனும் இருந்தது. 50,000 டாலர் போட்டியில் பரிசு கிடைத்தால் கடனை அடைக்கலாம் என்பதுதான் பெரிய தூண்டுதல். புது உலகம் படைக்கிறோம் என்ற வீர வசனமெல்லாம் அப்போது கிடையாது!

இரண்டு கணிதக்காரர்களுக்குத் தேற்றம் எழுதத் தெரியும், பிசினஸ் பிளான் எழுதத் தெரியாது. ஸ்லோனில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்த ஜோனதன் சீலிக் போன்றவர்கள் சேர்ந்த பிறகே ஒரு உருவம் வந்தது. போட்டிக்கான பிளானில் கணக்கு சரியா என்று யாரும் கேட்பதில்லை. யார் காசு கொடுப்பார்கள், எவ்வளவு, எதற்காக? கேள்வி இதுதான். காமர்ஸ் மாணவர்களுக்கு இது முதல் வருடப் பாடம். ஆனால் உலகத் தரமான ஆய்வாளர்களுக்கு அந்தப் பதில் சுலபத்தில் கிடைக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையின் ருசியான இடம். முதலில் அவர்கள் நினைத்தது, இணைய இணைப்பு தரும் கம்பெனிகளுக்கு மென்பொருளை விற்கலாம் என்று. அந்தக் கம்பெனிகள் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். தளம் படுத்தால் நஷ்டம் தளத்தின் சொந்தக்காரருக்கு, இணைப்பு விற்பவருக்கு அல்ல. வலி எங்கே இருக்கிறதோ அங்கேதான் பணப்பையும் திறக்கும். ஆகவே மென்பொருள் விற்பதை விட்டு, தாங்களே உலகம் முழுக்க சர்வர்களை வைத்து, தளக்காரர்களிடம் சேவைக் கட்டணம் வாங்குவது என்று திட்டம் தலைகீழானது.

போட்டிக்கு வந்தவை சுமார் 100 பிளான்கள். இறுதிச் சுற்றுக்குப் போன 6 அணிகளில் இவர்களும் ஒன்று. முதல் பரிசு? கிடைக்கவில்லை!

1998-ல் ஜெயித்தது 'டைரக்ட் ஹிட்' என்ற தேடுபொறி அணி. கேரி கல்லிஸ் என்பவரின் யோசனை அது. ஒரு சொல்லைத் தேடியவர்கள் எந்தப் பக்கத்தைக் கிளிக் செய்தார்கள், அங்கே எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று கவனித்து, அதை வைத்து அடுத்தவருக்குப் பக்கங்களை வரிசைப்படுத்துவது. இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அன்றைய தேடுபொறிகளோடு மல்லுக்கட்டிய அனுபவம் அந்த அரங்கில் எல்லோருக்கும் இருந்திருக்கும். (அதே 1998 செப்டம்பரில்தான் கூகுள் கம்பெனியாகப் பதிவானது.) ரேஷன் கடை உதாரணம் இல்லாமல் கன்சிஸ்டன்ட் ஹாஷிங்கை யாருக்காவது சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நடுவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மேடையில் டைரக்ட் ஹிட் நல்ல பிளான்தான்.

அந்தக் கம்பெனியும் சும்மா போகவில்லை. 2000 ஜனவரியில் ஆஸ்க் ஜீவ்ஸ் அதைச் சுமார் 50 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது. ஆனால் ரொக்கமாக அல்ல, பங்குகளாக. டாட்காம் குமிழி உடைந்ததும் ஆஸ்க் ஜீவ்ஸ் பங்கு பாதாளத்துக்குப் போனது. 2001-ல் ஆஸ்க் ஜீவ்ஸ் டியோமா என்ற இன்னொரு தேடுபொறியை வாங்கியது. டைரக்ட் ஹிட் மெல்ல மறைந்தே போனது.

தோற்றவர்கள் 1998 ஆகஸ்ட்டில் கம்பெனியைப் பதிவு செய்தார்கள். பெயர் அகமாய், ஹவாய் மொழியில் புத்திசாலி என்று அர்த்தம். போட்டிக்காக எழுதிய பிளான்தான் பேட்டரி வென்ச்சர்ஸ், போலாரிஸ் போன்ற முதலீட்டாளர்களிடம் போகும்போது கைகொடுத்தது. 1999 மார்ச்சில் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிக்காக ஈ.எஸ்.பி.என். தளத்திலும், ஸ்டார் வார்ஸ் படத்தின் டிரெய்லருக்காக என்டர்டெயின்மென்ட் டுநைட் தளத்திலும் கூட்டம் குவிந்தது. அகமாய் தாங்கிய அந்தத் தளங்கள் படுக்கவில்லை. பெர்னர்ஸ் லீ 4 வருடம் முன்பு கேட்ட கேள்விக்கு ஊரறிய விடை! அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று 26 டாலருக்கு விற்ற பங்கு, மாலையில் 145.19 டாலரில் முடிந்தது. கடனை அடைக்கப் பரிசு தேடி வந்த மாணவர் ஒரே நாளில் காகிதத்தில் பெரும் கோடீஸ்வரர். அந்தக் காகிதமும் நிலைக்கவில்லை. 2001 செப்டம்பரில் பங்கு சில டாலர்களுக்கு இறங்கியிருந்தது. 2002-ல் 1 டாலருக்கும் கீழே போனது. பிறகுதான் கம்பெனி எழுந்து நின்றது. லெய்டன் 2013-ல் அதன் சி.இ.ஓ. ஆனார்.

அதைப் பார்க்க லூவின் இல்லை. 2001 செப்டம்பர் 11 அன்று பாஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 11-ம் எண் விமானத்தில் அவர் இருந்தார். வயது 31. அன்று உலகமே செய்தித் தளங்களை நோக்கி ஓடியபோது, அவற்றில் பலவற்றைத் தாங்கிப் பிடித்தது அவருடைய கம்பெனியின் சர்வர்கள்தான். நண்பர் போய்விட்டார் என்று தெரிந்த பிறகும் கேம்பிரிட்ஜில் அவருடைய சகாக்கள் வேலையை விட்டு எழுந்திருக்கவில்லை.

கம்பெனி வேலையில் லூவின் டாக்டர் பட்டத்தை முடிக்கவே இல்லை. அந்த 1997 கட்டுரை வாசிக்கப்பட்ட ஸ்டாக் மாநாட்டில், மாணவர் எழுதும் சிறந்த கட்டுரைக்கான பரிசு இப்போது அவர் பெயரில் கொடுக்கப்படுகிறது.