வேலைக்கு வந்தவர் வீட்டைச் சேதப்படுத்திட்டாரா? இழப்பீடு கேட்பது எப்படி?

வாட்டர் ஹீட்டர் மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் பாத்ரூம் சுவரில் ட்ரில் போடுகிறார். உள்ளே இருக்கும் கன்சீல்டு பைப் ஓட்டையாகி, தண்ணி பீய்ச்சி அடிக்குது. டைல்ஸை உடைச்சு பைப்பை மாத்தணும். கீழ் வீட்டு சீலிங்கிலும் ஈரம். சில நூறு ரூபாய் வேலை, பல ஆயிரம் செலவில் வந்து நிற்குது. 'பாவம், அவர்கிட்ட எப்படிக் கேட்கிறது?' என்று பலரும் சொந்தக் காசைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. எப்படிக் கேட்பது என்று பார்ப்போம்.

முதல் ஒரு மணி நேரம்

மெயின் வால்வை மூடுங்க. ஈரம் பட்ட பக்கத்துக்கான எம்.சி.பி-யை ஆஃப் பண்ணுங்க. சேதம் பெருகாமல் தடுப்பது உங்க பொறுப்பும்கூட. 'பைப் உடைஞ்சதுக்கு நான் காரணம், சரி. மூணு நாள் ஒழுக விட்டதுக்கும் நானா தரணும்?' என்ற கேள்வி பின்னால் வரும்.

அடுத்து மொபைலை எடுங்க. அவர் கிளம்புவதற்கு முன்பே, அவருக்குத் தெரிந்தே போட்டோ, வீடியோ எடுங்க. உடைந்த பைப் துண்டைக் குப்பையில் போடாதீங்க. அவரை வரச் சொன்ன வாட்ஸ்அப் மெசேஜ், கூலி கொடுத்த யு.பி.ஐ ஸ்க்ரீன்ஷாட் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டரில் சேருங்க. கையில் பில் இல்லைன்னாலும், காசு கொடுத்து வேலை வாங்கியதற்கு இவைதான் ஆதாரம்.

வாடகை வீடா? ஹவுஸ் ஓனருக்கு அன்னைக்கே சொல்லிடுங்க. இல்லைன்னா, காலி பண்ணும்போது அந்தச் செலவு உங்க அட்வான்ஸில் கழியும்.

உண்மையில் யார் தப்பு?

இதை நேர்மையாக யோசிங்க. பைப் போகும் வழியை விசாரிக்காமல் ட்ரில் போட்டிருந்தால், அது அவருடைய கவனக்குறைவு. 'இங்க பைப் இருக்கு, வேணாம்'னு அவர் சொல்லியும் நீங்க வற்புறுத்தியிருந்தால், பொறுப்பு உங்க பக்கமும் இருக்கு. ஏற்கெனவே துருப்பிடித்த பழைய பைப், கை வைத்ததுமே உடைந்தால் முழுப் பழியையும் அவர் மேல் போட முடியாது.

எவ்வளவு கேட்கலாம்?

வேறு இரண்டு பேரிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்க. சேதத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவுதான் கணக்கு. ஆறு வருஷப் பழைய டி.வி நனைந்து போனால், புது டி.வி விலையைக் கேட்பது நியாயம் இல்லை; அது எடுபடவும் செய்யாது. அதேநேரம், கீழ் வீட்டுக்கு நீங்க பெயின்ட் அடித்துக் கொடுத்தால், அந்தச் செலவையும் சேர்க்கலாம்.

பேசுங்க... எழுத்திலும் கேளுங்க

தினக்கூலிக்கு வேலை செய்பவரிடம் மொத்தத் தொகையையும் உடனே எதிர்பார்ப்பது கஷ்டம். 'மெட்டீரியல் நான் வாங்குறேன், வேலையை நீங்க ஃப்ரீயா முடிச்சுக் கொடுங்க' என்பதோ, இரண்டு தவணையில் வாங்குவதோ பல நேரங்களில் ஒத்துவரும். பேசி முடித்ததும் ஒரு மெசேஜ் போடுங்க:

'அண்ணா, 12-ம் தேதி ஹீட்டர் மாட்டும்போது பைப் உடைஞ்சதைச் சரிபண்ண 8,500 ரூபாய் ஆகும்னு எஸ்டிமேட் வந்திருக்கு. போட்டோ அனுப்பியிருக்கேன். 25-ம் தேதிக்குள்ள நீங்களே சரிபண்ணித் தர்றீங்களா, இல்ல பணமா தர்றீங்களா? பதில் சொல்லுங்க.'

கோபம், மிரட்டல் எதுவும் வேண்டாம். அவருடைய டூல்ஸையோ, மொபைலையோ பிடுங்கி வைப்பது உங்களையே சிக்கலில் மாட்டிவிடும். வேண்டுமென்றே செய்யாத சேதம் பொதுவாக போலீஸ் கேஸும் ஆகாது.

ஆப் மூலமா வந்தாரா?

அப்படின்னா அந்த ஆப்பிலேயே முதலில் புகார் பதிவு பண்ணுங்க. 2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

எதுவும் நடக்கலைன்னா?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். அது கோர்ட் இல்லை. எதிர்த்தரப்பிடம் பேசித் தீர்க்க உதவும். கடைசி வழி, மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி கவனக்குறைவும் சேவைக் குறைபாடுதான்.

* சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கணும்.
* நீங்க வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், ஆன்லைனிலும் முடியும்.
* சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.
* வக்கீல் கட்டாயம் இல்லை. இலவச சட்ட உதவி பற்றிக் கேட்க 15100.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம்; நடைமுறையில் நீளலாம். சில ஆயிரத்துக்கு இந்த அலைச்சல் தேவையா என்று யோசித்து முடிவெடுங்க. காசு வாங்காமல் உதவிக்குச் செய்து கொடுத்த வேலைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பக்கத்து வீட்டுத் தம்பி ஃப்ரீயாக ஃபேன் மாட்டி ஏதாவது உடைந்தால், பேசித் தீர்ப்பதே நல்லது.

அடுத்த தடவை ஆள் கூப்பிடும்போது...

பேர், முகவரி இரண்டையும் வாங்கி வைங்க. முகவரி இல்லாமல் நோட்டீஸ்கூட அனுப்ப முடியாது. வேலை தொடங்கும் முன் அந்த இடத்தை ஒரு போட்டோ எடுங்க. புது வீடு கட்டுறீங்கன்னா, சுவர் பூசுவதற்கு முன் பைப்பும் வயரிங்கும் போகும் வழியை போட்டோ எடுத்து வைங்க. ட்ரில் போடும் முன் அதைக் காட்டினாலே பாதிப் பிரச்னை வராது. முழுக் கூலியையும் முன்பணமாகக் கொடுக்காமல், வேலையைச் சரிபார்த்த பிறகு மீதியைக் கொடுங்க.