காதர்

காதர் என்றதும் தமிழ்நாட்டில் ஓர் ஆளின் பெயர்தான் நினைவுக்கு வரும். அரபுவழி வந்த அந்தப் பெயருக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவில்லை. வட இந்திய வழக்கில், ஆற்றுவெள்ளம் ஏறிப் புதுவண்டல் போட்டுச் செல்லும் தாழ்நிலம் காதர். வெள்ளம் எட்டாத பழவண்டல் மேடு பாங்கர். அதைத் தோண்டினால் சுக்கான்கல் தட்டுப்படும். நம் கொள்ளிடக் கரைக்காரர்கள் படுகை என்பது ஏறக்குறைய காதர்தான்.

மண்ணை உழுதவர்களின் சொற்கள் இவை. புவியியலாளர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பள்ளிப் பாடநூல்வரை வந்துவிட்டன.

டெல்லியில் சொல் நிற்கிறது, நிலம்தான் மாறிவிட்டது. மதன்பூர் காதர் இன்று நெருக்கமான குடியிருப்பு. யமுனையின் வெள்ளச் சமவெளியில் 2005இல் அக்ஷர்தாம் கோயில் திறக்கப்பட்டது. 2010க்குள் காமன்வெல்த் விளையாட்டுக் கிராமமும் எழுந்தது. இத்தகைய மாற்றங்களைப் பழைய நிலப்படங்களோடு செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு அளப்பது புவியியலாளர்களின் வேலை.

ஆறு தன் கணக்கை வேறுவிதமாகக் காட்டும். 2023 ஜூலையில், பழைய ரயில் பாலத்தருகே யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978இன் உச்சமான 207.49 மீட்டரை அது தாண்டிவிட்டது.

டெல்லியில் வீடு தேடுபவர்கள் ஊர்ப்பெயரின் வாலில் காதர் ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.